பக்கத்து டேபிள் வாய மூடாம பேசினா ஜாஸ் எப்படிங்க கேக்கறது?

நீங்க கேட்டத ஒரு தடவ சுருக்கமா சொல்லிடறேன், பின்னாடி படிக்கறவங்களுக்கும் புரியணும்ல. சென்னையில ஒரு சின்ன கஃபேல ஜாஸ் வாசிக்கறாங்கன்னு கவர் சார்ஜ் குடுத்து போயிருக்கீங்க, ரெண்டு மணி நேரமும் பக்கத்து டேபிள்ல யாரோ மேடவாக்கத்துல வாங்கின ஃப்ளாட்டோட ரிஜிஸ்ட்ரேஷன் கதைதான் காதுல விழுந்துச்சு, பியானோ எங்கயோ அடுத்த தெருவுல வாசிக்கற மாதிரி இருந்துச்சு. எனக்கு ஜாஸ் புரியலையா, இல்ல சென்னை ஆடியன்ஸே இப்படித்தானா, "கொஞ்சம் சும்மா இருங்க"ன்னு சொன்னா தப்பா. இதானே கேள்வி.

தப்பு பெரும்பாலும் நீங்க உக்காந்த நாற்காலி மேல. மிச்சத்துல பாதி என்ன மாதிரி ஆளுங்க மேல. நான் பதினெட்டு வருஷமா இந்த ஊர்ல சவுண்ட் மிக்ஸர் பின்னாடி நிக்கறவன், கல்யாண ரிசப்ஷன் லைட் மியூசிக், சர்ச் கொயர், காலேஜ் கல்ச்சுரல்ஸ், மார்கழியில சபா, நடுநடுவுல ஓட்டல்லயும் கஃபேலயும் ஜாஸ். அதனால ரசிகனா கொஞ்சம், சவுண்ட்காரனா கொஞ்சம் கலந்து சொல்றேன், நீளமா போகும், டீ எடுத்துக்கோங்க.

மொதல்ல நாற்காலி. வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். ரூமுக்குள்ள அந்த அளவு குறையாது, ஏன்னா சுவர், கண்ணாடி, சீலிங் எல்லாம் சத்தத்த திருப்பித் திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்கும். சிக்கல் அங்கதான். மேடைலேந்து கொஞ்ச தூரம் தள்ளிட்டீங்கன்னா உங்களுக்கு வர்றது ட்ரம்ஸ்லேந்து நேரா வர்ற சத்தமில்ல, நாலு சுவத்துலயும் பட்டுக் கலங்கி வர்ற சத்தம். ஆனா ரிஜிஸ்ட்ரேஷன் அண்ணன் குரல் மூணடி தூரத்துலேந்து நேரா, சுத்தமா, ஒரு எழுத்து விடாம வரும். இசை கலங்கல், பேச்சு தெளிவு. எந்தக் காதா இருந்தாலும் தெளிவா இருக்கறது பின்னாடிதான் போகும். இப்ப வர்ற கஃபேல பாதிக்கு மேல வெறும் சிமெண்ட் தரை, ஒரு பக்கம் முழுக்க கண்ணாடி, திரைச்சீலைன்னு பேருக்கு ஒண்ணு கிடையாது, ஃபோட்டோவுல அழகா இருக்கும், காதுக்கு கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி.

அதனால மேடைக்கு ரெண்டு மூணு மீட்டருக்குள்ள உக்காருங்க. "கிட்ட உக்காந்தா காது வலிக்கும், சோலோ வாசிக்கறவர் நம்மளயே பாப்பார், சங்கடமா இருக்கும்"ன்னு நம்ம ஆளுங்க மொத வரிசைய காலியா விட்டுட்டு சுவத்தோரமா போய் ஒட்டிக்குவாங்க, அது உங்களுக்கு லாபம். பார் கவுண்டர் பக்கம் போகவே போகாதீங்க, அங்க பிளெண்டர், ஐஸ், கார்ட் மெஷின், எல்லாம் இருக்கு. கிச்சன் கதவுப் பக்கமும் வேண்டாம். பேசற கும்பல் உங்க முதுகுக்குப் பின்னாடி வர்ற மாதிரி பாத்துக்கோங்க, காது மடல் பின்னாடிலேந்து வர்ற கூர்மையான சத்தத்த கொஞ்சம் தடுக்கும், பெரிசா இல்ல, ஆனா அந்தக் கொஞ்சமே போதும். நெசமான பியானோ இருக்கற இடம்னா, மேடையப் பாத்தா உங்களுக்கு இடது பக்கமா உக்காருங்க, விரல் தெரியும். விரல் தெரிஞ்சா காது தானா அங்க போகும், வீணைக் கச்சேரிக்குப் போனவங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

இப்ப என் தப்புக்கு வரேன். கூட்டம் பேசுது, இசை கேக்கல, என்ன பண்ணுவோம், மிக்ஸர்ல சத்தம் ஏத்தி இறக்கற ஃபேடரைத் தூக்குவோம். தூக்கினா என்ன ஆகும், பேசறவங்களும் குரலைத் தூக்குவாங்க. வேணும்னு இல்ல, அது உடம்பு தானா பண்றது. சுத்தி சத்தம் ஏறினா மனுஷன் தன்னை அறியாமலே உரக்கப் பேசுவான்னு எட்டியென் லொம்பார்ட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் 1911-லயே எழுதி வெச்சிட்டாரு. இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிஞ்சது ஒரு கரண்ட் கட்டுல.

அடையாறு பக்கம் ஒரு சின்ன இடம், மொத்தமே நாப்பது நாப்பத்தஞ்சு நாற்காலி. டெனர் சாக்ஸஃபோன் (சுருக்கமா சாக்ஸ்), கீபோர்டு, எலெக்ட்ரிக் பேஸ் (கீழ் ஸ்வரம் வாசிக்கற கிட்டார்), ட்ரம்ஸ். டபுள் பேஸ், அதான் வயலின் மாதிரி ஆளுயரத்துக்கு நிக்கற பேஸ், நம்ம ஊர்ல கண்ல படறதே அபூர்வம், அது வேற சோகம். சனிக்கிழமை, ஃபுல் ஹவுஸ், ஒருத்தரும் கேக்கல, நான் ஃபேடரைத் தூக்கிக்கிட்டே இருந்தேன். ஒன்பதரை மணிக்கு கரண்ட் போச்சு. கீபோர்டு செத்துச்சு, பேஸ் செத்துச்சு, என் மிக்ஸரும் செத்துச்சு. கூடவே ஏசி நின்னுச்சு, கூல் ட்ரிங்க்ஸ் ஃபிரிட்ஜோட உறுமல் நின்னுச்சு. அது வரைக்கும் அந்த உறுமல் இருந்ததே எனக்குத் தெரியாது. சாக்ஸ்காரர் நிறுத்தல. ட்ரம்மர் குச்சியைக் கீழ வெச்சிட்டு கம்பி பிரஷ்ஷை எடுத்தாரு, ஸ்நேர் ட்ரம் மேல அரிசி களையற மாதிரி ஒரு சத்தம். கீபோர்டுகாரர் ரெண்டு கையையும் அந்தரத்துல வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. ஒரு நாப்பது செகண்ட் இருக்கும், ரூம்ல ஒரு சொல் இல்ல. சாக்ஸ் உள்ள காத்து போறது கேட்டுச்சு, கீ மூடித் திறக்கற டப்டப் கேட்டுச்சு, அவர் மூச்சு எடுக்கறது கேட்டுச்சு. அப்புறம் வெளிய ஜெனரேட்டர் தடதடன்னு ஸ்டார்ட் ஆச்சு, ஏசி கீங்னு ஒரு சத்தம் போட்டுச்சு, யாரோ "ஹேய்!"ன்னு கத்தினாங்க, அவ்ளோதான், பேச்சு பழைய அளவ விட ஜாஸ்தியா திரும்பி வந்துடுச்சு.

அன்னிக்கு இடைவேளைக்கு அப்புறம் செகண்ட் செட்ல நான் ஃபேடரை நல்லா இறக்கியே ஆரம்பிச்சேன். கூட்டம் ஒரேயடியா அடங்கிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா முன்னாடி ரெண்டு வரிசை பேச்சைக் குறைச்சாங்க, ஏன்னா கேக்கணும்னா அவங்க காதைக் குடுத்தாகணும். அதுலேந்து சின்ன ரூம்னா நான் கம்மியாதான் வெக்கறேன், ஓனர்கிட்ட திட்டும் வாங்கறேன். நீங்க ரசிகரா போனாலும் இது உதவும்: செட் பிரேக்ல சவுண்ட் ஆள்கிட்ட போய் "கொஞ்சம் ஏத்துங்க அண்ணா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் அதான் கேக்கறாங்க, ரூம் சந்தக்கடை ஆகறதே அதனாலதான்.

சென்னை ஆடியன்ஸ் மோசமான்னு கேட்டீங்கல்ல. மோசமில்ல, ஆனா நமக்கு லைவ் மியூசிக்னா ரெண்டே மோடுதான் பழக்கம். ஒண்ணு சபா: வாய மூடு, தொடையில தாளம் போடு, பக்கத்துல பிளாஸ்டிக் கவர் சரசரத்தா முறை. இன்னொண்ணு கல்யாண ரிசப்ஷன்: மேடையில யாரு பாடினாலும் நமக்கு ஃபோட்டோ க்யூவும் பந்தியும்தான் முக்கியம், நாதஸ்வரக்காரர் உயிரைக் குடுத்து தோடி வாசிச்சாலும் "மாமா எப்ப வந்தீங்க"தான். பாட்டு பின்னணியில ஓடினா பேசலாம்னு சின்ன வயசுலேந்து பழகினவங்க நாம. சாப்பாட்டு டேபிளும் மேடையும் ஒரே ரூம்ல இருந்தா மூளை தானா ரிசப்ஷன் மோடுக்குப் போயிடும். ஆனா ஜாஸ் ரூம் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஒரு வஸ்து. அங்க கிளாஸ் சத்தம் இருக்கும், "யெஸ்!"ன்னு ஒரு குரல் வரும், சோலோ முடிஞ்சா கைதட்டல் வரும், அதெல்லாம் அதோட சேர்த்தி. முழு மௌனம் எதிர்பாத்துப் போனா ஏமாந்துடுவீங்க.

இதை நான் சும்மா சொல்லல. பியானோக்காரர் பில் எவன்ஸோட மூணு பேர் குழு, பில் எவன்ஸ் ட்ரியோ, 1961 ஜூன் 25, ஒரு ஞாயித்துக்கிழமை, நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டுல வாசிச்ச ரெக்கார்டிங்க ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க. அந்த வேன்கார்டு 1935-ல ஆரம்பிச்ச ஒரு பேஸ்மென்ட் கிளப், சுமார் 120 பேர் உக்காரலாம். பியானோ அவ்ளோ மெதுவா போய்ட்டு இருக்கும், பின்னாடி கிளாஸ் இடிக்கும், யாரோ சிரிப்பாங்க, பேச்சு முணுமுணுன்னு ஓடிக்கிட்டே இருக்கும். அன்னிக்கு பேஸ் வாசிச்ச ஸ்காட் லஃபாரோ பதினோரு நாள் கழிச்சு கார் ஆக்ஸிடென்ட்ல போயிட்டாரு, 25 வயசு. அந்த ட்ரியோ அத்தோட முடிஞ்சுது. அந்த ரூம்ல பேசிக்கிட்டு இருந்தவங்களுக்கு எத மிஸ் பண்றோம்னு எப்படித் தெரியும்? ஆனா அந்த கிளாஸ் சத்தத்த எடுத்துட்டு அந்த ரெக்கார்டிங்க என்னால இப்ப நினைச்சுப் பாக்கவே முடியல. உங்களுக்கு அது நல்ல பயிற்சி, கூட்டத்துக்கு நடுவுல ஒரு வாத்தியத்த காதால புடிச்சு வெக்கறது எப்படின்னு அதுல பழகலாம்.

இன்னொரு கூத்து கேளுங்க. சார்லஸ் மிங்கஸ், பேஸ் வாசிச்சவரு, பேசற கூட்டத்த மேடையிலேந்தே திட்டறதுக்குப் பேர் போனவரு. 1960-ல ஒரு ரெக்கார்டு பண்றாரு, ஸ்டுடியோல. ஆடியன்ஸே கிடையாது. ஆனா கிளப்புல பேசற மாதிரியே ஆரம்பிச்சு, கைதட்டாதீங்க, கிளாஸ்ல ஐஸை ஆட்டாதீங்க, கல்லாப்பெட்டிய அடிக்காதீங்கன்னு இல்லாத ஆடியன்ஸுக்கு அட்வைஸ் பண்றாரு. ஆறு வருஷம் கழிச்சு, 1966-ல, சாக்ஸ்காரர் கேனன்பால் ஆடர்லி நேரெதிரா பண்றாரு. லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்டுடியோக்குள்ள ஆளுங்கள கூப்பிட்டு உக்கார வெச்சு, குடிக்கவும் குடுத்து, அவங்க கத்தறதோட சேர்த்து ரெக்கார்டு பண்ணி, சிகாகோ கிளப்புல எடுத்ததுன்னு கவர்ல போட்டுட்டாங்க. ஒருத்தர் காலி ரூமை அடக்கறாரு, இன்னொருத்தர் காசு செலவு பண்ணி சத்தத்த வரவழைக்கறாரு. ரெண்டு பேரும் ஜீனியஸ். மிங்கஸ் பக்கமா கேனன்பால் பக்கமான்னு கேட்டா, நான் வெள்ளிக்கிழமை கேனன்பால், மத்த நாள் மிங்கஸ்.

சரி, காதுக்கு என்ன வேலை குடுக்கறது. சத்தத்துல தொலைஞ்சு போறதுக்குப் பெரிய காரணம், பாட்டு இப்ப எங்க இருக்குன்னு தெரியாம உக்காந்திருக்கறது. சபாவுல ராகம் புரியலன்னாலும் தாளம் போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்போம்ல, இங்கயும் அது நடக்கும். பழைய ஜாஸ் பாட்டுல ரொம்ப சாதாரணமான வடிவம் 32 பார் (பார்னா இங்க தாளத்தோட ஒரு சின்னத் துண்டு). மெட்டு 8 பார், அதே மெட்டு இன்னொரு 8, வேற மெட்டு 8, திரும்ப மொத மெட்டு 8. பாருக்கு நாலு எண்ணிக்கை, ஆக 128. எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் போடுங்க, பதினாறு ஆவர்த்தனத்துல ஒரு சுத்து முடியும். ப்ளூஸ்னா 12 பார், ஆறே ஆவர்த்தனம். இந்த ஒரு சுத்தைத்தான் கோரஸ்ங்கறாங்க. மொத சுத்து மெட்டை அப்படியே வாசிப்பாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரும் அதே சுத்து மேல கற்பனை பண்ணுவாங்க, கடைசில திரும்ப மெட்டு. நம்ம கல்பனாஸ்வரம் மாதிரின்னு வெச்சுக்கலாம், ஒரே வித்தியாசம் கீழ சுருதி ஒரே இடத்துல நிக்காது, கார்டு, அதான் சேர்ந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம், மாறிக்கிட்டே இருக்கும், ஆளு அது மேல நடந்து போகணும்.

எந்த வாத்தியத்த புடிக்கறது? பேஸை. ட்ரம்மரோட ரைடு சிம்பல், அந்தப் பெரிய பித்தளைத் தட்டு, டிங்-டிங்-கடிங்னு போகுதே அதோட சேர்ந்து பேஸ் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரமா நடக்கும், அதுதான் தரை. ஒரு கோரஸ் முழுக்க வேற எதையும் கேக்காம அத மட்டும் கேளுங்க. சாக்ஸ் என்ன சாகசம் பண்ணாலும் கண்டுக்காதீங்க. ரெண்டாவது கோரஸ்ல பாருங்க, பக்கத்து டேபிள் ஃப்ளாட் கதை தானா தூரமா போயிருக்கும். கூட்டத்துல ஒரு குரலை மட்டும் பிரிச்சுக் கேக்கற திறமை நம்ம எல்லாருக்கும் இருக்கு, காலின் செர்ரின்னு ஒருத்தர் 1953-லயே இத ஆராய்ச்சி பண்ணி எழுதினாரு, காக்டெய்ல் பார்ட்டி விஷயம்னே அதுக்குப் பேரு. ஆனா அந்தத் திறமைக்கு ஒரு பிடி வேணும், சும்மா "இசை"ன்னு மொத்தமா கேட்டா பிடிக்காது.

அப்புறம் ட்ரேடிங் ஃபோர்ஸ்னு ஒண்ணு வரும், விட்டுடாதீங்க. சாக்ஸ் 4 பார், ட்ரம்ஸ் 4 பார், மாத்தி மாத்தி. சில சமயம் எட்டுல ஆரம்பிச்சு நாலு, ரெண்டுன்னு குறைஞ்சுக்கிட்டே வரும். தனி ஆவர்த்தனத்துல மிருதங்கமும் கஞ்சிராவும் குறைப்பு வாசிக்கறாங்களே, கிட்டத்தட்ட அதே குஷி. நாலு பார்னா ஆதி தாளம் ரெண்டு ஆவர்த்தனம், போட்டுக்கிட்டே பாருங்க, ட்ரம்மர் கரெக்டா சமத்துல வந்து விழறப்போ உங்க வாயிலேந்து தானா ஒரு "பலே" வரும். வரட்டும், அடக்காதீங்க, அந்த சத்தம் மேடைக்கு வேண்டிய சத்தம். அஞ்சுல ஓடற பாட்டு ஏதாவது வாசிச்சா, டேவ் ப்ரூபெக் குவார்டெட் 1959-ல பதிவு பண்ண 'டேக் ஃபைவ்' நிச்சயம் ஒரு நாள் மாட்டும், "தகிட தக, தகிட தக"ன்னு போட்டுப் பாருங்க, பிசகாம உக்காரும்.

தனின்னதும் ஞாபகம் வருது. தனி ஆரம்பிச்சா நம்ம சபாவுல என்ன ஆகும், பாதிக் கூட்டம் எழுந்து கேன்டீனுக்குப் போகும், பாவம் மிருதங்க வித்வான். ஜாஸ்ல அந்தப் பாவப்பட்ட ஜீவன் பேஸ்காரர். பேஸ் சோலோ ஆரம்பிச்சா எல்லாரும் பேச ஆரம்பிப்பாங்க, உலகம் முழுக்க இதுதான், ஜாஸ்காரங்களே இத வெச்சு ஜோக் அடிப்பாங்க. மத்தவங்க வாசிக்கறத நிறுத்தறதால ரூம்ல சத்தம் சட்டுனு இறங்கும், ஜனங்க அதை இடைவேளைன்னு நினைச்சுக்குவாங்க. பேஸோட கீழ் ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், அவ்ளோ கீழ நம்ம காதே மந்தம். பின்னாடி உக்காந்தவனுக்கு உண்மையிலேயே ஒண்ணும் கேக்காது. கிட்ட உக்காந்தா மட்டும்தான் விரல் கம்பியில படற அந்த டக்கு, அது வழியா ஸ்வரம் புரியும். நாற்காலி முக்கியம்னு இதுக்குத்தான் சொன்னேன்.

இப்ப "சும்மா இருங்க"ன்னு சொல்லலாமா. நான் ஒரு தடவ சொன்னேன், நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு ஓட்டல் பார்ல, அன்னிக்கு ரசிகனா போயிருந்தேன். திரும்பிப் பாத்து "ஷ்ஷ்"னேன். அந்த அம்மா "நாங்களும் காசு குடுத்துத்தான் தம்பி வந்திருக்கோம்"னாங்க, என்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம் அந்த டேபிள் வேணும்னே உரக்கப் பேசுச்சு, என்னால அந்த செட் முழுக்க அவங்களத்தான் கேக்க முடிஞ்சுது. ஷ்ஷ் வேண்டாம். கேக்கறதா இருந்தா மொத பாட்டுக்கு முன்னாடியே கேப்டன்கிட்ட சொல்லி டேபிள் மாத்திக்கோங்க. ரொம்ப முடியலன்னா பாட்டு முடிஞ்ச இடைவெளியில, சிரிச்ச மொகத்தோட, "அண்ணா, அடுத்தது மெதுவான பாட்டு போல, அது ஒண்ணு மட்டும்"னு சொல்லுங்க, பத்துக்கு ஏழு பேர் கேப்பாங்க, ஒருத்தர் அப்புறம் "என்ன வாத்தியம் தம்பி அது"ன்னு உங்ககிட்டயே விசாரிப்பாரு. அதவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு, சோலோ முடிஞ்சதும் நல்லா கைதட்டுங்க. நடுவுல தட்டலாமான்னு கூச்சப்படாதீங்க, ஆலாபனை முடிஞ்சு வயலின்காரருக்குத் தட்டறதில்லையா. ஒருத்தர் தட்டினா பேசறவங்க ஏதோ நடந்துச்சுன்னு திரும்பிப் பாப்பாங்க, அந்தத் திரும்பற அரை நிமிஷம் பேண்டுக்குக் கெடைக்கற வரம்.

நாள் பாத்துப் போங்க. வெள்ளி, சனி வேண்டாம், பர்த்டே கும்பல்களும் ஆபீஸ் டீம் டின்னரும் அன்னிக்குத்தான். வார நாள், அதுவும் மழை நாள்னா கண்ண மூடிக்கிட்டுப் போகலாம். மொத செட்டை விட செகண்ட் செட், சாப்பாட்டுக்கு வந்தவங்க பில் கட்டிட்டுக் கெளம்பியிருப்பாங்க, வாசிக்கறவங்களும் அப்பதான் சூடாகியிருப்பாங்க. ஏப்ரல் 30 சர்வதேச ஜாஸ் தினம், 2012-லேந்து கொண்டாடறாங்க, அதை ஒட்டி ஊர்ல எங்கயாவது ஏதாவது இருக்கும், ஆனா கூட்டமும் இருக்கும். அலியான்ஸ் பிரான்சேஸ்ங்கற பிரெஞ்சு கலாச்சார மையம் மாதிரி இடத்துல ஆடிட்டோரியத்துல நடக்கறப்போ அமைதி கேரண்டி, புதுசா கேக்கறவங்களுக்கு அது நல்ல ஆரம்பம். எனக்கு என்னமோ அங்க மேடை கொஞ்சம் தூரமா, மியூசியத்துல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெச்ச மாதிரி இருக்கும். அது என் பிரச்சனை.

ஒரு இடத்துல மட்டும் போராடாதீங்க: சுவத்துல டிவி ஓடுது, டிவியில ஐபிஎல் ஓடுதுன்னா. அங்க பேண்டை கூப்பிட்டதே அலங்காரத்துக்கு. சிக்ஸருக்கு வர்ற கத்தலோட எந்த சாக்ஸும் போட்டி போட முடியாது, நானே அங்க மிக்ஸர்ல நின்னா ஸ்கோர்தான் பாப்பேன். சாண்ட்விச்ச சாப்பிட்டுட்டு, வாசிக்கறவங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டு, அவங்க அடுத்து எங்க வாசிக்கறாங்கன்னு கேட்டுட்டு வந்துடுங்க. அவங்களே சொல்லுவாங்க, எந்த ரூம் நல்ல ரூம்னு அவங்கள விட யாருக்குத் தெரியும்.

அடுத்த தடவ போறப்போ ஒரு அரை மணி முன்னாடி போய் ட்ரம்ஸுக்குப் பக்கத்து டேபிளப் புடிங்க. மெட்ரோல வந்தீங்கன்னா கடைசி வண்டி பதினோரு மணி வாக்குல, செகண்ட் செட் பாதில ஓட வேண்டி வரும், அதனால திரும்பறதுக்கு ஆட்டோவோ கேபோ மொதல்லயே பேசி வெச்சுக்கோங்க.